கவலை ஏற்றமும் திறந்த புத்தகமும்: இந்தச் சீட்டு யாருடையது?

நொய்யல்கரை:
வணக்கம். கோவை உக்கடத்தில் பழைய புத்தகக் கடையில் பருத்திச் சாகுபடி பற்றிய சின்னப் புத்தகம் ஒன்று கிடைத்தது. முன்னட்டையின் உட்பக்கத்தில் ஒரு புக்பிளேட் ஒட்டியிருக்கிறது. ரப்பர் ஸ்டாம்பு இல்லை, லேபிளும் இல்லை. புத்தகத்துக்குச் சொந்தக்காரர் தனக்கென்றே வரைய வைத்து அச்சடித்த சீட்டு. நம் பக்கத்துப் பழைய புத்தகங்களில் கையெழுத்து, முத்திரை, "அன்பளிப்பு" என்று எழுதியது எல்லாம் நிறையப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றை இப்போதுதான் பார்க்கிறேன்.

படம் இணைத்திருக்கிறேன். கொஞ்சம் மங்கல், அதனால் எழுதியும் விடுகிறேன். ஒரு கல்லுக்கிணறு. எருது பூட்டித் தண்ணீர் இறைக்கிற கவலை ஓடுகிறது. இரண்டு எருதுகள் சரிவில் இறங்குகின்றன, ஓட்டுகிறவர் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்திருக்கிறார். மேலே வந்த சால், அதாவது இறைக்கிற பாத்திரம், தண்ணீரைக் கொட்டுகிறது. அந்தத் தண்ணீர் விழுகிற இடத்தில் தொட்டிக்குப் பதிலாகத் திறந்த புத்தகம். புத்தகத்தின் வரிகள் அப்படியே வாய்க்கால் வரிகளாக நீண்டு வயலுக்குப் போகின்றன. கீழே "கற்றனைத் தூறும் அறிவு". அதற்குக் கீழே பெயர், ஒரு வலசின் (சிற்றூரின்) பெயர், தாராபுரம் தாலுகா, கோவை ஜில்லா. அப்புறம் "எண்", "வாங்கிய நாள்", "விலை ரூ – அ – பை" என்று நிரப்புவதற்கு இடம். கடைசியில் ஒரு வரி: "படித்தபின் அடுத்த தோட்டத்துக்குக் கொடுக்கவும்."

பெயரையும் வலசையும் மறைத்துவிட்டுத்தான் படம் போட்டிருக்கிறேன். குடும்பத்தார் எங்கேயாவது இருப்பார்கள், அவர்களைக் கேட்காமல் போடுவது முறையில்லை. இந்தப் படத்தை வேறு எங்காவது பார்த்தவர்கள் சொல்லுங்கள். இப்படி ஒரு சீட்டைப் போட நினைத்த மனிதர் யார் என்று தெரிந்துகொள்ள மிகவும் ஆசைப்படுகிறேன்.

பழைய கம்போசிட்டர்:
நல்ல பொருள் கிடைத்திருக்கிறது உங்களுக்கு. அச்சகத்தில் எழுத்துக் கோத்தே என் வாழ்க்கை போனது. அதனால் சீட்டிலிருந்தே சிலது சொல்ல முடியும்.

முதலில் காலம். விலைக்கு ரூபாய், அணா, பை என்று மூன்று கட்டம் விட்டிருக்கிறார். 1957 ஏப்ரல் 1-ல் நயா பைசா வந்துவிட்டது. ஆகவே அதற்கு முன்னால் அச்சடித்தது.

இனி எழுத்தைப் பாருங்கள். "விலை" என்பதில் லை, "கற்றனை" என்பதில் னை. இரண்டும் இன்றைக்கு நாம் எழுதுகிற மாதிரியே இருக்கின்றன. அந்தக் காலத்தில் ணை, லை, ளை, னை நான்கையும் தலையில் யானைத் துதிக்கை மாதிரி வளைத்துத்தான் எழுதுவார்கள், அச்சிலும் அப்படித்தான். ணா, றா, னா போன்றவற்றுக்கும் தனி வடிவம் உண்டு. எல்லாம் சேர்த்து 13 எழுத்து. அவற்றை மாற்றி அரசாணை வந்தது 1978 அக்டோபரில், எம்.ஜி.ஆர். ஆட்சியில். ஆனால் பெரியார் 1935-லேயே தன் பத்திரிகைகளில் மாற்றிவிட்டார். 1957-க்கு முன்னால் ஒரு தனி மனிதர் தன் சீட்டில் இந்த எழுத்தைப் போடுகிறார் என்றால், ஈரோட்டிலிருந்து வந்த பத்திரிகைகளை அவர் படித்திருக்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இன்னொன்று, சீட்டின் ஓரம் எங்காவது தூக்கியிருந்தால் பின்பக்கத்தை விரலால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். எழுத்து புடைத்திருந்தால் ட்ரெடில் மிஷினில், அதாவது காலால் மிதித்து ஓட்டுகிற அச்சு மிஷினில் அடித்தது. பூதக்கண்ணாடியில் பாருங்கள், படத்தில் புள்ளிகள் இல்லாமல் கோடுகள் மட்டும் இருந்தால் லைன் பிளாக்.

நொய்யல்கரை:
மேல் மூலையில் கொஞ்சம் தூக்கியிருக்கிறது. தடவினால் புடைப்பு தெரிகிறது. படத்தில் புள்ளியே இல்லை, எல்லாம் கோடு. லைன் பிளாக் என்றால் எப்படிச் செய்வார்கள், ஐயா?

பழைய கம்போசிட்டர்:
ஓவியர் கறுப்பு மையில் பெரிதாக வரைந்து கொடுப்பார். அதைப் போட்டோ எடுத்து, வேண்டிய அளவுக்குச் சுருக்கி, மருந்து பூசிய துத்தநாகத் தகட்டில் இறக்குவார்கள். கோடு உள்ள இடத்தை அமிலம் தொடாது, மற்ற இடத்தை அரித்துவிடும். கோடு மட்டும் மேடாக நிற்கும். அந்தத் தகட்டை மரக்கட்டையில் ஆணி அடித்து, ஈய எழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்தால் பிளாக் தயார். கல்யாணப் பத்திரிகையில் பிள்ளையார் படம் அடித்ததெல்லாம் இப்படித்தான். ஒரு முறை செய்தால் வருஷக்கணக்கில் வரும். உங்கள் சீட்டில் எழுத்தும் கையால் வரைந்ததுதான். கடைசி வரியில் "டு" இரண்டு இடத்தில் வருகிறது, இரண்டும் ஒரே வார்ப்பு மாதிரி இல்லை.

சுவடிப்பிரியன்:
புக்பிளேட் சேகரிக்கிறவன் என்ற முறையில் எனக்கு இது பெரிய சந்தோஷம். ஐரோப்பாவில் இந்த வழக்கம் அச்சு வந்த காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1450 வாக்கில் ஜெர்மனியில் ஒரு பாதிரியாருக்குச் செய்த சீட்டைத்தான் மிகப் பழையதாகச் சொல்வார்கள். வாயில் பூவைக் கவ்விய முள்ளெலி படம். ஓவியர் டியூரரே நியூரம்பர்க் நகர அறிஞர் பிர்க்ஹைமருக்கு ஒன்று வரைந்திருக்கிறார். அதில் "தனக்கும் நண்பர்களுக்கும்" என்ற பொருளில் லத்தீன் வரி உண்டு. நம் ஆள் எழுதிய "அடுத்த தோட்டத்துக்கு" என்ற வரி அதற்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை.

நம் நாட்டில் ஏட்டுச்சுவடியின் கடைசியில் எழுதியவர் பெயரும் நாளும் குறிப்பது வழக்கம். தஞ்சை சரபோஜி மன்னர் தன் புத்தகங்களில் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போட்டு வைத்தார், சரசுவதி மகாலில் பார்க்கலாம். ஆனால் விவசாயி ஒருவர் படம் வரைய வைத்துச் சீட்டு அடித்தது மிகவும் அபூர்வம்.

புத்தகம் செல்லரித்துப் போயிருந்தால் சீட்டை மட்டும் எடுத்துவிடுங்கள். ஈரத்துணி வைத்தால் பசை இளகிவிடும். கொடுக்க மனமிருந்தால் நல்ல விலைக்கு வாங்கிக்கொள்கிறேன்.

ஈரோடு வாசகி:
தயவுசெய்து எடுக்க வேண்டாம்! எண்ணும் தேதியும் பேனா மையில் எழுதியிருக்கிறது. அந்தக் கால நீல மை, ஈரம் பட்டால் ஓடிவிடும். பசையையும் பாருங்கள். பைண்டர்கள் மைதாக் கஞ்சியில் மயில்துத்தம் போட்டுக் காய்ச்சுவார்கள், பூச்சி வராமல் இருக்க. அந்தப் பசை காகிதத்தில் ஊறியிருக்கும், இழுத்தால் அட்டைத்தாளோடு வரும். அதைவிட முக்கியம், சீட்டு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்பதும் செய்தியில் பாதி. பருத்திப் புத்தகத்தில் இருந்ததால்தான் இவர் விவசாயி என்று நாம் பேசிக்கொண்டிருக்கிறோம். பிரித்து ஆல்பத்தில் வைத்தால் அது வெறும் படம்.

இன்னொரு விஷயம், இதற்காகத்தான் எழுத வந்தேன். இதே சீட்டு என்னிடமும் ஒன்று இருக்கிறது! உடல்நலம் பற்றிய பழைய புத்தகம், அப்பா வாங்கியது. எண் 212. வாங்கிய நாள் 2-6-46. விலை 1-4-0. படம் அதேதான், ஆனால் காகிதம் வேறு. என்னுடையது ரோஜா நிறம், தடிமனாக இருக்கிறது.

நொய்யல்கரை:
என்னுடையது வெள்ளைத்தாள், எண் 131, நாள் 14-5-43, விலை 0-12-0. அப்படியானால் மூன்று வருஷத்தில் எண்பது புத்தகம் வாங்கியிருக்கிறார்! அந்தக் காலத்தில், ஒரு வலசில் இருந்துகொண்டு.

தாராபுரத்தான்:
எங்கள் தோட்டத்தில் கவலை ஓடினதைச் சின்ன வயதில் பார்த்தவன். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், மனசு நிறைந்துவிட்டது. வரைந்தவர் வேடிக்கை பார்த்து வரைந்தவர் இல்லை. கயிறு இரண்டு இருக்கிறது பாருங்கள். மேலே உருளையில் போவது வடக்கயிறு, சாலைத் தூக்குவது. கீழே இன்னொரு சின்ன உருளையில் போவது வால்கயிறு, அது சாலின் அடியில் இருக்கிற தோல் குழாயை, தும்பியைப் பிடித்திருக்கும். சால் கிணற்றுக்குள் இருக்கும்போது தும்பியின் வாய் மேலே மடங்கி நிற்கும், தண்ணீர் சிந்தாது. மேலே வந்ததும் தும்பி வெளியே நீண்டு தானாகக் கொட்டும். கை வைக்க வேண்டியதே இல்லை. தெரியாதவர் வரைந்தால் ஒரு கயிறு போட்டு, வாளியைக் கவிழ்ப்பது மாதிரி வரைந்திருப்பார்.

எருதும் நம் காங்கேயம்தான். திமிலையும், வெளியே விரிந்து பின்னால் வளைந்து நுனி கிட்டக்கிட்ட வருகிற கொம்பையும் பாருங்கள். ஆள் வடத்தில் உட்கார்ந்திருப்பதும் சரி. இறங்கும்போது ஆளின் பாரமும் சேர்ந்தால் எருதுக்கு இழுவை குறையும். மேடேறும்போது இறங்கிக்கொள்வார், எருது பின்னாலேயே நடந்து போகும்.

எழுத்தை வைத்துப் பெரியார் கட்சி என்று சொல்வதில் எனக்குச் சம்மதமில்லை. படம் போட்டவர் தன் இஷ்டத்துக்கு எழுதியிருக்கலாமே? கற்றனைத் தூறும் என்று குறளைப் போட்டிருக்கிறார். குறள் எல்லாக் கட்சிக்காரர் வீட்டிலும் இருக்கும்.

பழைய கம்போசிட்டர்:
குறளை வைத்துச் சொல்ல முடியாது என்பது சரிதான். 1949-ல் பெரியாரே குறளுக்கு மாநாடு நடத்தினார், அதற்கு முன்னும் பின்னும் எல்லாரும் குறளைச் சொன்னார்கள். ஆனால் எழுத்து அப்படியில்லை. அன்றைக்குப் பள்ளிக்கூடத்தில் துதிக்கை போட்ட எழுத்துதான், வாத்தியார் அதற்குத்தான் மார்க் போடுவார். கை பழகிய எழுத்தை விட்டு ஒருவர் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி மாற்றி எழுதுகிறார் என்றால் நினைத்துத்தான் எழுதியிருக்கிறார்.

சென்னிமலை:
நானும் ஒன்று வைத்திருக்கிறேன். எண் 305, நாள் 21-4-51. பூகோளப் புத்தகம். இதுவரை வந்த தேதிகளை வரிசையாகப் பாருங்கள்: மே, ஜூன், ஏப்ரல். மூன்றும் கோடையிலேயே விழுகின்றன. ஆடி, ஆவணியில் விதைத்த கம்போடியாப் பருத்தியை எடுத்து விற்று முடித்துப் பணம் கைக்கு வருகிற மாதங்கள் இவை. 1936-லேயே திருப்பூரில் பருத்திக்கு அரசு ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் வந்துவிட்டது, தாராபுரம் பக்கத்துப் பஞ்செல்லாம் அங்கேதான் போகும். பருத்தி போட்ட பணத்தில் வருஷத்துக்கு ஒருமுறை மொத்தமாகப் புத்தகம் வாங்கியிருக்கிறார் என்பது என் எண்ணம்.

என் புத்தகத்தின் பின்னட்டை உட்பக்கத்தில் பென்சிலில் ஏழெட்டுப் பேர் இனிஷியல் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கிறது. ஒவ்வொன்றும் வெவ்வேறு கையெழுத்து. முதலில் என்னவென்று புரியவில்லை. "அடுத்த தோட்டத்துக்கு" என்ற வரியைப் படித்த பிறகு புரிந்தது.

அமராவதி:
எல்லாருக்கும் வணக்கமுங்க. இந்தப் பக்கத்தை என் மகன்தான் காட்டினான். படத்தைப் பார்த்ததும் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அது எங்கள் அப்புச்சி, அம்மாவின் அப்பா. பெயரை மறைத்து வைத்ததற்கு ரொம்ப நன்றிங்க. அப்படியே இருக்கட்டும் என்று அம்மாவும் சொல்கிறார். மற்றதெல்லாம் சொல்லலாம்.

அப்புச்சி தாராபுரத்தில் தேர்டு ஃபாரம் வரைக்கும் படித்தார். அவர் அப்பா திடீரென்று தவறிப்போனதால் படிப்பை விட்டுவிட்டு வந்து கவலை பிடித்தார். அப்போது மீசை கூட முளைக்கவில்லை என்று அம்மாயி (அம்மாவின் அம்மா) சொல்வார். விடிவதற்கு முன்னால் கிணற்றுமேட்டுக்குப் போனால் வெயில் ஏறுகிற வரைக்கும் கவலைதான். மற்றவர்கள் கவலைப் பாட்டுப் பாடுவார்கள், இவர் குறள் சொல்வார். எருது இறங்குகையில் முதல் அடி, பின்னால் ஏறுகையில் இரண்டாம் அடி. அறத்துப்பால் முழுக்க இப்படியே மனப்பாடம் ஆகிவிட்டதாம்.

படம் போட்டவர் அவரோடு ஒரே பெஞ்சில் படித்த நண்பர், பிறகு டிராயிங் மாஸ்டர் ஆனவர். அவருக்கும் தோட்டம் இருந்தது, அதனால்தான் கயிறு இரண்டும் சரியாக இருக்கிறது. படத்தில் வடத்தின் மேல் உட்கார்ந்திருப்பது அப்புச்சிதான். தலைப்பாகை கட்டாமல் துண்டைத் தோளில் போட்டிருக்கிறார் பாருங்கள், கடைசி வரை அப்படித்தான் போடுவார். பிளாக் கோயமுத்தூரில் செய்தது. சின்ன அம்மாயியின் கல்யாணப் பத்திரிகை அடித்தபோது அதே அச்சகத்தில் மீந்த தாளில் இதையும் அடித்துக்கொண்டு வந்தாராம். அப்புறம் சண்டைக் காலத்தில் காகிதத்துக்குக் கட்டுப்பாடு வந்துவிட்டது. யார் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை அடித்தாலும் ஓரம் வெட்டிய தாளைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்வார். ரோஜா நிறம், மஞ்சள், வெள்ளை எல்லாம் அப்படி வந்தவைதான்.

எழுத்து விஷயம். கட்சியில் அவர் உறுப்பினர் கிடையாது. பெரியாரின் குடிஅரசு பத்திரிகை வரும், விடாமல் படிப்பார். கடவுள் விஷயத்தில் அவர் பெரியாரோடு ஒத்துப்போகவில்லை. கொடுமுடிக்குப் போய்த் தீர்த்தம் எடுத்து வருவார். ஆனால் "எழுத்தைச் சுலபமாக்கினால் நம் பண்ணையத்தாள் பிள்ளை சீக்கிரம் படிக்கும், அதில் என்ன தப்பு" என்பார் என்று அம்மா சொல்கிறார். தோட்டத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்குத் திண்ணையில் அவரே அந்த எழுத்தைத்தான் சொல்லிக்கொடுத்தார். ஊரில் சிலருக்கு அது பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளைகளைத் திண்ணையில் ஏற்றியதற்காகவே ஒறம்பரையில் (உறவில்) ஒரு வீட்டார் எங்கள் வீட்டில் கை நனைப்பதை நிறுத்திக்கொண்டார்கள். அப்புச்சி திண்ணையை நிறுத்தவில்லை.

பருத்திப் பணத்தில்தான் புத்தகம் என்பதும் உண்மை. திருப்பூரில் பஞ்சைப் போட்டுவிட்டு வரும்போது அம்மாயிக்கு ஒரு சேலை, எருதுக்குக் கழுத்துமணி, மீதியில் புத்தகம். மோட்டார் வந்து கவலை நின்ற பிறகும் சீட்டை மாற்றவில்லை. 1957-க்குப் பிறகும் அதே சீட்டுதான், அணாக் கட்டத்தில் பைசாவை எழுதிக்கொண்டார்.

புத்தகங்கள் எப்படி உக்கடம் வந்தன என்று கேட்பீர்கள். அவர் காலமான பிறகு பழைய வீட்டை இடித்துக் கட்டினார்கள். இரண்டு மரப்பெட்டிப் புத்தகம் எடைக்குப் போய்விட்டது. நாங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். அம்மா ஊரிலிருந்து வந்து பார்க்கும்போது பெட்டி மட்டும் இருந்தது. அதை நினைத்து அம்மா இன்றைக்கும் வருத்தப்படுகிறார். எங்களிடம் இப்போது இருப்பது ஒரே ஒரு புத்தகம், எண் 17, பின்னட்டை இல்லை.

ஈரோடு வாசகி:
அமராவதி அக்கா, படித்துவிட்டு என்ன எழுதுவது என்றே தெரியவில்லை. எண் 212 உங்கள் அம்மாவுக்குத்தான். முகவரியைத் தனிமடலில் அனுப்புங்கள்.

சுவடிப்பிரியன்:
என்னுடைய கோரிக்கையை விட்டுவிடுகிறேன். ஆனால் சேகரிக்கிறவர்கள் மேல் கோபம் வேண்டாம். தனிச் சீட்டாகக் காப்பாற்றப்பட்டதால்தான் உலகத்தில் பல சீட்டுகள் இன்றைக்கு நமக்குத் தெரிகின்றன. புத்தகம் கரையானுக்குப் போனபின் சீட்டாவது மிஞ்சியது. இந்தச் சீட்டுக்கு அந்த நிலை வரவில்லை என்பதில் எனக்கும் மகிழ்ச்சி. ஒன்று சொல்கிறேன், நல்ல வெளிச்சத்தில் நேராக வைத்து, அளவுகோலும் பக்கத்தில் தெரிகிற மாதிரிப் படம் எடுத்து வையுங்கள். அட்டையின் உட்பக்கம் முழுவதும் தெரிய வேண்டும். பின்னட்டை இனிஷியலும் சேர்த்து.

அமராவதி:
வாசகி, ரொம்ப நன்றி கண்ணு. ஆனால் அம்மாவிடம் கேட்டேன். "திருப்பிக் கேட்காதே, அப்பா எழுதினது அடுத்த தோட்டத்துக்குக் கொடு என்றுதான். அந்தப் பிள்ளையிடமே இருக்கட்டும், படித்துவிட்டு யாருக்காவது கொடுக்கட்டும்" என்கிறார். எங்களுக்குப் படம் மட்டும் போதும். எந்தப் புத்தகம், என்ன எண், எந்த வருஷம் என்று அம்மா ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருகிறார். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது, ஆனால் எழுத்து தெளிவாக இருக்கிறது.

நொய்யல்கரை:
அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். என் புத்தகத்தைப் பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு நடுவில் பருத்தி போட்டுப் பார்க்கிற என் நண்பருக்குக் கொடுக்கப் போகிறேன். முறைப்படி பின்னட்டையில் என் இனிஷியலையும் பென்சிலில் போட்டுவிட்டேன்.

மற்றவர்கள் கவனத்துக்கு: இதுவரை தெரிந்த எண்கள் 17, 131, 212, 305. பிளாக்கில் வலது எருதின் பின்னங்காலுக்குக் கீழே கோடு ஒரு இடத்தில் உடைந்திருக்கிறது, 131-ல் அந்த உடைப்பு சின்னது, 305-ல் பெரிது. தேதி அழிந்துபோன புத்தகத்தைக்கூட அதை வைத்து முன்பின் சொல்லிவிடலாம். ராமபாணப் பூச்சி இருந்தால் புத்தகத்தை வெயிலில் போடாதீர்கள், நிழலில் காற்றாட வையுங்கள்.

சென்னிமலை:
நேற்று எங்கள் ஊர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவரிடம் இந்தப் படத்தைக் காட்டினேன். அவர் வீட்டில் ஒன்று இருக்கிறது. எண் 88, மஞ்சள் தாள், நாள் 9-5-41, விலை 0-6-0. தேனீ வளர்ப்பு. அவருடைய தாத்தா அந்த வலசில் பண்ணையத்தில் இருந்தவர், அந்தத் திண்ணையில் எழுத்துப் படித்தவர். பின்னட்டையில் இருக்கும் முதல் இனிஷியல் அவருடையதுதான் என்கிறார். படங்களை அமராவதி அக்காவுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன்.